மெட்டியாபுருஜும் மெட்டியாபுருஜும் சமமா?

கொல்கத்தாவின் மேற்கு ஓரத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது கார்டன் ரீச். 1856இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பறித்துக்கொண்டபின் அதன் கடைசி நவாப் வாஜித் அலி ஷா இங்குள்ள மெட்டியாபுருஜில் வந்து தங்கினார். 1887இல் இங்கேதான் இறந்தார். அவரோடு வந்த கூட்டம் உருதுவைக் கொண்டுவந்தது. துறைமுகமும் பட்டறைகளும் வளர வளர பீகார்ப் பக்கத்திலிருந்து தொழிலாளர்கள் இந்தியோடு வந்து சேர்ந்தார்கள். வங்காளம் முன்பே இருந்தது. கப்பல் கம்பெனிகளும், இன்று தென்கிழக்கு ரயில்வே என்று அறியப்படும் அமைப்பின் தலைமையகமும் ஆங்கிலத்தை நிலைநிறுத்தின. ஒரு வட்டாரத்துக்குள் நான்கு எழுத்துமுறைகள் புழங்குகின்றன. அதே தெரு, அதே கடை, அதே ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் பல எழுத்து வடிவங்கள் உண்டு.

இப்படிப்பட்ட ஊரின் இரண்டு பட்டியல்களைக் கணினியில் ஒப்பிட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாநகராட்சியின் முகவரிப் பட்டியல், மற்றது யாரோ தட்டச்சு செய்த நிறுவனப் பட்டியல். பத்து வரி ஸ்கிரிப்ட் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் சமமா என்று கேட்டு, ஆமென்றால் சேர்த்து, இல்லையென்றால் தள்ளிவிடலாம். ஆனால் ‘சமமா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலான ஸ்கிரிப்ட் மொழிகள் தரும் விடை நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறுகலானது. இரண்டு சரங்களிலும் எழுத்துகளுக்குரிய எண்கள் வரிசை பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை மட்டுமே அவை பார்க்கின்றன. கண்ணுக்கு என்ன தெரிகிறது, வாய் எப்படி உச்சரிக்கிறது என்பதெல்லாம் அவற்றின் கணக்கில் வராது. இது எங்கெங்கே இடறும் என்று காட்ட கார்டன் ரீச்சின் மூன்று பெயர்களே போதும்.

முதல் பெயர் அங்குள்ள கப்பல் கட்டும் தளத்துடையது. 1884இல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960இல் இந்திய அரசின் கைக்கு வந்து, இன்று கடற்படைக்குப் போர்க்கப்பல்கள் கட்டித்தரும் அந்த நிறுவனத்தின் பெயர் கார்டன் ரீச் ஷிப்பில்டர்ஸ் & இன்ஜினியர்ஸ். நடுவில் நிற்கும் & குறிதான் வில்லன். லினக்ஸ் ஷெல்லில் மேற்கோள் போடாமல் இந்தப் பெயரை ஒரு கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். ‘ஷிப்பில்டர்ஸ்’ வரை உள்ளதை ஒரு கட்டளையாக எடுத்துப் பின்னணியில் ஓடவிட்டு, ‘இன்ஜினியர்ஸ்’ என்ற பெயரில் ஒரு நிரலைத் தேடிப் போகும் ஷெல். அப்படியொன்று கிடைக்கவில்லை என்று அறிவிக்கவும் செய்யும். ஷெல்லின் இலக்கணத்தில் & என்பது கட்டளையைப் பின்னணிக்கு அனுப்பும் குறி, அவ்வளவுதான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. அதே பெயர் ஒரு மாறிக்குள் பத்திரமாக இருந்தால், மாறியை விரிக்கும்போது & ஆபத்தில்லை. கட்டளைக் குறிகளை ஷெல் முதலிலேயே பிரித்துவிடுகிறது, மாறிகளை விரிப்பது அதற்குப் பிறகுதான். விரித்த பிறகும் ஆபத்தாகவே இருப்பவை இடைவெளியும், *, ?, [ போன்ற கோப்புத்தேடல் குறிகளும். ஆகவே ‘சிறப்புக் குறிகள்’ என்று ஒரே பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. எந்தக் கட்டத்தில் எந்தக் குறி விழித்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரையை மாற்றும் செட் (sed) கருவியிலும் & வேறு வேடம் போடும். மாற்றீட்டுப் பகுதியில் அது ‘பொருந்திய உரை முழுவதும்’ என்று பொருள்படும். பழைய பெயர் ஒன்றை எடுத்துவிட்டு இந்தக் கப்பல் தளத்தின் பெயரைப் போடச் சொன்னால், ஷிப்பில்டர்ஸுக்கும் இன்ஜினியர்ஸுக்கும் நடுவே பழைய பெயரே வந்து உட்கார்ந்துகொள்ளும். 2022இல் வெளியான பாஷ் ஷெல்லின் 5.2 பதிப்பு, தன் சொந்த மாற்றீட்டு வசதியிலும் இதே வழக்கத்தை இயல்நிலையாகவே கொண்டுவந்தது. பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டுகள், யாரும் ஒரு வரிகூட மாற்றாமலே, & உள்ள பெயர்களைச் சிதைக்கத் தொடங்குவதற்கு அதுவே போதும். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த பட்டியலென்றால் & ஒற்றைக் குறியாகவே வராது; அதன் பின்னால் மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் இரண்டு முறை மாற்றியிருந்தால் இரண்டு அடுக்காக வரும். தட்டச்சு செய்தவர் குறியை விட்டு ‘அண்ட்’ என்றே எழுதியிருக்கவும் கூடும். கண்ணுக்கு நான்கும் ஒரே நிறுவனம். சமக்குறியைப் பொறுத்தவரை நான்கு நிறுவனங்கள்.

இரண்டாவது பெயர் அங்குள்ள கப்பல் துறையுடையது. இன்று அது நேதாஜி சுபாஷ் துறை. பழைய ஆவணங்களில் கிங் ஜார்ஜின் பெயரால், ஆங்கில உடைமைக் குறியோடு இருக்கிறது. அந்தக் குறி இரண்டு விதமாக வரும். சாதாரண விசைப்பலகையில் தட்டினால் கிடைக்கும் நேர்க்குறியின் எண் 39. சொற்செயலி தானாகவே வளைத்துப் போடும் குறியின் எண் 8217. சில எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறியப் பூதக்கண்ணாடி வேண்டும். 39 ஆக இருந்தால் இன்னொரு தொல்லை. ஷெல் அதை மேற்கோளின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, மூடும் குறிக்காகக் காத்திருக்கும். கட்டளை எதுவும் நடக்காமல் அடுத்த வரியில் > என்ற குறி மட்டும் வந்து நிற்பதைப் பார்த்துக் கணினி தொங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

இதே பெயரிலுள்ள இடைவெளிகளையும் பார்க்க வேண்டும். பழைய பாணியில் ஒற்றைச் சதுர அடைப்புக்குள் ஒப்பிட்டு, மாறியைச் சுற்றி மேற்கோள் போடாமல் விட்டால், மூன்று சொல் பெயர் மூன்று தனி உருப்படிகளாகப் பிரியும். ‘அளவுக்கு மீறிய உருப்படிகள்’ என்ற பிழைதான் விடை. பெயர் வெற்றாக இருந்தால் வேறொரு பிழை. இரட்டைச் சதுர அடைப்பு இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது, ஆனால் வேறொன்றைக் கொண்டுவருகிறது. சமக்குறியின் வலப்பக்கத்தில் மேற்கோள் இல்லாமல் நிற்கும் மதிப்பை அது சரமாகக் கொள்ளாமல் வடிவமாகக் கொள்ளும். பட்டியலில் ஒரு களத்தில் தவறிப்போய் ஒற்றை * மட்டும் இருந்தால், அது ஊரிலுள்ள எல்லாப் பெயருக்கும் சமமாகிவிடும். ஒற்றை அடைப்புக்குள் > போட்டு எது பெரியது என்று கேட்பது இன்னும் வேடிக்கை. ஒப்பீடே நடக்காது. வலப்பக்கப் பெயரில் ஒரு காலிக் கோப்பு உருவாகும், விடை ‘ஆம்’ என்று வரும். ஷெல்லில் ஒப்பிட உட்காருகிறவர்களுக்கு என் கட்சி எளிது: இரு பக்கமும் இரட்டை மேற்கோள், எப்போதும். எங்கே தேவையில்லை என்று யோசிக்கும் நேரத்தில் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

இதுவரை பார்த்தவை மொழியின் இலக்கணத்தோடு மோதும் குறிகள். மேற்கோள் போட்டால் அடங்கிவிடும். மூன்றாவது பெயரான மெட்டியாபுருஜை எந்த மேற்கோளாலும் அடக்க முடியாது.

வங்காளத்தில் இந்தப் பெயரை எழுதும்போது ‘யா’ என்ற இடத்தில் புள்ளி வைத்த யகரம் வருகிறது. புள்ளியில்லாத எழுத்தை வங்காளிகள் ஜகரமாக ஒலிப்பார்கள். கீழே புள்ளி வைத்தால் யகரம். யூனிகோடில் இந்தப் புள்ளி வைத்த எழுத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. 2527 என்ற ஒற்றை எண்ணால் எழுதலாம். 2479 என்ற வெற்று எழுத்தையும் 2492 என்ற புள்ளியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் மயிரிழை வித்தியாசமும் இருக்காது. முதல் வழியில் மெட்டியாபுருஜ் 11 குறியெண்கள், இரண்டாம் வழியில் 12. பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ இரண்டையும் வைத்துச் சமமா என்று கேட்டால் தயங்காமல் ‘இல்லை’ என்று வரும். நீளமே வேறாயிற்றே! ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஹவுராவுக்கும் இதே கதைதான், அதன் கடைசி எழுத்தும் புள்ளி வைத்தது.

இந்தச் சிக்கலுக்காகவே யூனிகோட் அமைப்பு இயல்பாக்கம் என்ற முறையை வகுத்திருக்கிறது. ஒரே எழுத்தின் பல எண் வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. சேர்க்க முடிந்ததையெல்லாம் சேர்ப்பது ஒரு வகை, பிரிக்க முடிந்ததையெல்லாம் பிரிப்பது இன்னொரு வகை. இணையத்தில் பெரும்பாலும் புழங்குவது சேர்க்கும் வகை. அப்படியானால் வங்காள எழுத்தும் 2527 என்று ஒன்றாகத்தானே சேர வேண்டும்? சேராது. சேர்க்கும் வகையிலும் சில எழுத்துகளைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. புள்ளி வைத்த மூன்று வங்காள எழுத்துகளும் அதில் இருக்கின்றன. புள்ளி வைத்த சில தேவநாகரி, குர்முகி எழுத்துகளும் இருக்கின்றன. ஆகவே ‘சேர்க்கும்’ இயல்பாக்கத்தைச் செய்தால் 2527 உடைந்து இரண்டாகும். ஒரு காலத்தில் எடுத்த முடிவு; பழைய தரவுகள் உடையக் கூடாது என்பதால் இனி மாற்றவும் மாட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் நிலைத்தன்மைக்குக் கொடுக்கும் விலை என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நடைமுறையில் இதன் விளைவு கைக்கு எட்டும் தூரத்திலேயே தெரியும். விக்கிப்பீடியா, தன்னுள் வரும் எல்லா உரையையும் சேர்க்கும் வகையில் இயல்பாக்கித்தான் வைத்துக்கொள்கிறது. ஆகவே வங்காள விக்கிப்பீடியாவில் மெட்டியாபுருஜ் 12 குறியெண்கள். 2527ஐ ஒரே விசையில் தரும் விசைப்பலகையில் நீங்கள் தட்டினால் 11. அங்கிருந்து ஒட்டிய பெயரும் இங்கே தட்டிய பெயரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றுகொண்டு, ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை ஒன்றையொன்று அறியாத அந்நியர்களாக இருக்கும்.

தமிழ் மட்டும் விதிவிலக்கா? ‘கொல்கத்தா’ என்ற சொல்லின் முதல் எழுத்தையே பாருங்கள். ஒகரக் குறி 3018 என்ற ஒற்றை எண்ணாக இருக்கலாம். இடப்பக்கக் கொம்பு 3014, வலப்பக்கக் கால் 3006 என்று இரண்டாகவும் இருக்கலாம். நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு 9 குறியெண்கள் அல்லது 10. நமக்கு ஓர் ஆறுதல் உண்டு: தமிழ்க் குறிகள் விலக்குப் பட்டியலில் இல்லை, சேர்க்கும் இயல்பாக்கம் ஒழுங்காகச் சேர்த்துவிடும். ஆனால் செய்யச் சொன்னால்தான் செய்யும். பழைய மேக் கணினிகளின் கோப்பு அமைப்பு, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்து வைத்தது. அங்கே ‘கொல்கத்தா’ என்று பெயரிட்ட கோப்பை லினக்ஸ் சர்வருக்கு அனுப்பிவிட்டு, அங்கே அதே பெயரைத் தட்டித் தேடினால் கோப்பு இல்லை என்று வரும். பட்டியலிட்டுப் பார்த்தால் கண்ணெதிரே இருக்கும். மாயம்போல் தோன்றினாலும் இதில் மர்மம் ஒன்றுமில்லை; பைட்டுகள் வேறு, அவ்வளவே.

பைத்தான் இதில் ஒரு சுவாரசியமான இரட்டை வேடம் போடுகிறது. அதில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். பெயர்களை அது தானாகவே இயல்பாக்கிக்கொள்கிறது. கொல்கத்தா என்ற மாறியை 9 குறியெண்ணில் எழுதினாலும் 10இல் எழுதினாலும் ஒரே மாறிதான். அதே சொல்லை மேற்கோளுக்குள் போட்டுச் சரமாக்கினால் இரண்டும் வேறு. நிரல் எழுதுபவரின் பெயர்களுக்குக் காட்டும் அக்கறையை மக்களின் பெயர்களுக்குக் காட்டவில்லை என்று குறும்பாகச் சொல்லலாம். உண்மையில் அது நியாயமான தேர்வு. சரம் என்பது யாரோ கொடுத்த தரவு, கேட்காமல் அதைத் திருத்துவது மொழியின் வேலையில்லை. மாறாக ராகு மொழி, கண் காணும் எழுத்தையே அலகாகக் கொண்டு, இயல்பாக்கிய வடிவத்தில்தான் சரங்களை வைத்துக்கொள்கிறது. அங்கே இரண்டு கொல்கத்தாக்களும் சமம். ஜாவாஸ்கிரிப்டில் சமக்குறி ‘இல்லை’ என்று சொல்லும் இரண்டு சரங்களை, அதே மொழியின் வட்டார வழக்கு ஒப்பீடு ‘வேறுபாடு பூஜ்யம்’ என்று சொல்லும். ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு தீர்ப்பு.

சரி, இரண்டு பக்கமும் இயல்பாக்கிவிட்டு ஒப்பிட்டால் முடிந்ததா? வாஜித் அலி ஷாவின் ஊரில் முடியாது. உருதுவில் மெட்டியாபுருஜ் என்று எழுத ‘யே’ என்ற எழுத்து சொல்லின் நடுவில் வரும். அரபி யேயின் எண் 1610, பாரசீக–உருது யேயின் எண் 1740. சொல்லின் நடுவில் வரும்போது இரண்டுக்கும் கீழே இரண்டு புள்ளிகள், உருவம் ஒன்றே. சொல்லின் கடைசியில் வந்தால்தான் வேறுபாடு தெரியும்: அரபிக்குப் புள்ளி உண்டு, உருதுவுக்கு இல்லை. நவாபின் பெயரிலுள்ள ‘அலி’யில் பிடிபடும் தவறு, மெட்டியாபுருஜில் பிடிபடாது. அரபி விசைப்பலகையில் தட்டப்பட்ட பெயர் உருதுப் பட்டியலில் கிடைக்காமலே போகும். இந்த இரண்டு யேக்களையும் இயல்பாக்கம் ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை இவை ஒரே எழுத்தின் இரு வடிவங்களல்ல, இரண்டு எழுத்துகள். ககரமும் அப்படியே: 1603, 1705. ‘ஷா’வின் கடைசி ஹகரமும் அப்படியே: 1607, 1729.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பானது ‘கௌரி’. ஔகாரக் குறி கைக்கு வராதவர்கள் கெகரத்தைத் தட்டிப் பக்கத்தில் ளகரத்தை வைத்து ‘கெளரி’ என்று முடித்துவிடுவார்கள். அச்சில் வித்தியாசம் தெரிவதில்லை. பள்ளிப் பதிவேடுகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் இந்தக் கெளரிகளை எங்கும் காணலாம். எந்த இயல்பாக்கமும் இதைத் தொடாது, தொடவும் கூடாது. கெகரமும் ளகரமும் அடுத்தடுத்து நியாயமாக வரும் சொற்கள் இருக்கின்றனவே. இதற்கெல்லாம் மொழிக்கு மொழி, கையால் எழுதிய இணைப்பட்டியல்தான் வழி. அதை எழுத அந்த மொழி தெரிந்தவர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் வேறொரு மருந்தைக் கையிலெடுக்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளுக்காகப் பரவலான செய்முறை ஒன்று உண்டு: சரத்தைப் பிரித்து, எழுத்தின்மேல் ஒட்டும் குறிகளையெல்லாம் நீக்கிவிட்டு ஒப்பிடுவது. பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்களைத் தேட அது ஓரளவு உதவும். இந்திய எழுத்துகளில் அது கொலை. தமிழ்ப் புள்ளியும் ஈகாரச் சுழியும் யூனிகோடின் வகைப்பாட்டில் அந்த ‘ஒட்டும் குறி’ இனத்தைச் சேர்ந்தவை. காலும் கொம்பும் வேறு இனம். அந்தச் செய்முறையைக் ‘கார்டன் ரீச்’மேல் ஏவினால் மிஞ்சுவது ‘காரடன ரச’. வங்காள மெட்டியாபுருஜில் யகரத்தின் புள்ளியும் இரண்டு உகரங்களும் போய், ‘மெட்டிஜாபரஜ்’ என்பதுபோல் ஏதோ ஒன்று மிஞ்சும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒப்பீடு நடக்கும், சில இடங்களில் பொருந்தவும் செய்யும், பொருந்தக் கூடாத பெயர்களும் பொருந்தும். பைத்தானின் வழக்கமான வடிவத்தேடலில் ‘சொல் எழுத்து’ என்று கேட்டாலும் இதே பாகுபாட்டின் நிழல் விழும்: ‘கார்டன்’ என்ற ஒரே சொல் க, ர, டன என்று மூன்று துண்டாகி வரும்.

மிகையாகச் சமமாக்குவதன் ஆபத்து பெயர்த் தேடலோடு நிற்பதில்லை. 2013இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் தன் பயனர் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நிரலில் ஓட்டை இருந்ததை வெளிப்படையாக எழுதியது. ஒரு முறை சுருக்கினால் ஒரு பெயர், அதையே மறுபடி சுருக்கினால் வேறொரு பெயர். அதைப் பயன்படுத்தி, வினோத எழுத்துகளில் பெயர் பதிவுசெய்து அடுத்தவர் கணக்கைக் கைப்பற்ற முடிந்தது. எத்தனை முறை செய்தாலும் முதல் முறை வந்த விடையே வர வேண்டும் என்பது எந்தச் சுருக்கலுக்கும் அடிப்படை நிபந்தனை.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கார்டன் ரீச் தனி நகராட்சியாக இருந்து 1984இல் கொல்கத்தா மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று அதன் வார்டுகளில் ஒன்று 134. பிஎச்பியில் ‘134’ என்ற சரமும் ‘0134’ என்ற சரமும் இரட்டைச் சமக்குறிக்குச் சமம். ‘134.0’ என்பதும் சமம். இரண்டும் எண்ணைப் போலத் தெரிவதால் எண்ணாகவே ஒப்பிடுகிறது. வார்டுக்கு இது வசதி, கைப்பேசி எண்ணுக்கு விபத்து. மூன்று சமக்குறி போட்டால் இந்த உபகாரம் நிற்கும்.

ஆக, ஸ்கிரிப்ட் எழுதுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஒவ்வொரு களத்துக்கும் எந்த அளவிலான சமம் வேண்டும் என்பதை. கடவுச்சொல்லுக்கும் கோப்பின் சரிபார்ப்புத் தொகைக்கும் பைட் அளவில் சமம் வேண்டும். தெருப்பெயருக்கு இயல்பாக்கிய சமம், அதன்மேல் அந்த மொழிக்கான இணைப்பட்டியல். நிறுவனப் பெயருக்கு & என்பதையும் அதன் பிற வேடங்களையும் முன்கூட்டியே ஒன்றாக்க வேண்டும். மூலப் பெயரைத் தொடாமல் ஒரு நெடுவரிசையில் வைத்து, ஒப்பிடுவதற்கென்றே சுருக்கிய வடிவத்தை இன்னொரு நெடுவரிசையில் வைப்பது நல்லது. சந்தேகம் வந்தால் குறியெண்களை வரிசையாக அச்சிட்டுப் பார்க்கலாம், கண்ணை நம்பிப் பயனில்லை. மெட்டியாபுருஜில் ஐந்தாவது எண் 2527ஆ 2479ஆ என்று பார்த்த நொடியில் பாதி வழக்கு தீர்ந்துவிடும். இடையே 160 இருந்தால் அது சாதாரண இடைவெளியில்லை, இணையப் பக்கத்திலிருந்து வந்த பிரியா இடைவெளி. 8204, 8205 வந்தால் கண்ணுக்கே தெரியாத இணைப்புக் குறிகள். அவற்றைக் கண்மூடித்தனமாக நீக்கவும் கூடாது, வங்காளத்தில் சில கூட்டெழுத்துகளின் உருவமே அவற்றை நம்பி நிற்கிறது.

ஆட்களின் பெயருக்கு வரும்போது இந்த ஏற்பாடெல்லாம் பாதி வழியோடு நின்றுவிடும். 2025இன் இறுதியில் மேற்கு வங்கத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், இன்றைய வாக்காளர்களை 2002ஆம் ஆண்டுப் பட்டியலோடு இணைத்துப் பார்க்கும் வேலை. கார்டன் ரீச் பகுதியில் ஷேக் என்பதை இரண்டே ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதுவார்கள். முழுதாக எழுதினால் அதற்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டு. முகம்மதுக்கு அதைவிட அதிகம். திருமணத்துக்கு முன் காத்தூன் என்று பதிவான பெண், பின்னர் பீபி என்றோ பேகம் என்றோ பதிவாவது சாதாரணம். இந்த இரண்டு பதிவுகளும் ஒரே பெண்ணா என்பதைச் சரங்களை வைத்து எந்த மொழியும் சொல்ல முடியாது. எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று அளக்கும் நூலகங்கள் உண்டு, ஆனால் அவை தரும் எண் வெறும் ஊகம். அந்த எண்ணுக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே இருப்பவர்களைத் தானாகவே தள்ளும் ஸ்கிரிப்டை நான் எழுத மாட்டேன். பொருந்தாத பெயர்களைத் தனிக் கோப்பில் எடுத்து, இரண்டு பதிவுகளின் மூல வடிவத்தையும் தகப்பனார் பெயரையும் வீட்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, வங்காளமும் உருதுவும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதோடு ஸ்கிரிப்டின் வேலை முடிகிறது.